பேர் போட்ட சோறு

ஒதுங்கி உக்கார வேண்டாம் தம்பி, நல்லாவே உக்காருங்க. அந்த மூங்கில் தடியை இப்படி சன்னல் ஓரமாச் சாய்ச்சு வெச்சுக்கலாம். மேல போய்ட்டு இப்பத்தான் இறங்கி வர்றீங்களாட்ட இருக்குது. கால் நடுங்கறது எனக்கே தெரியுது. ஏழு மலையும் ஏறினீங்களா? ஏழாம் மலையில தரிசனம் நல்லா ஆச்சா? சந்தோசமுங்க. இந்த பஸ் காந்திபுரம் போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், சாவகாசமா உக்காருங்க.

நான் ஏறலீங்க. இந்த வருசம் அடிவாரத்தோட சரி. காலையில அஞ்சரை மணியிலிருந்து பூண்டியில நின்னுட்டு இப்பத் திரும்பறேன். கார் இருக்குதுங்க எனக்கு. ரெண்டு பக்கமும் கடைப் பேரைப் பெருசா எழுதி வெச்சிருக்கேன், அதுதான் வினை. போன மாசம் லாலி ரோட்டு சிக்னல்ல நிக்கும்போது பைக்ல வந்த ஒருத்தர் கண்ணாடியைத் தட்டறாரு. இறக்கினேன். "அண்ணா, இந்த ரோட்டுக்கும் பேர் பதிஞ்சுட்டீங்களா, நாங்க போலாங்களா"ன்னு கேக்கறாரு. பின்னாடி உக்காந்திருந்த சம்சாரம் சிரிக்குது, குழந்தைகூட சிரிக்குது. அன்னியிலிருந்து பஸ்தான்.

என்னைத் தெரியலைங்களா? தெரியலைன்னா நல்லது. ஆனா சொல்லிடறேன், மறைச்சு உக்காந்துட்டு வர்ற ஆள் நான் இல்லே. என் பேர் தெய்வசிகாமணி. 'ஏழாம் மலை' கடைக்காரன். ஆமாங்க, அந்தப் பை, ஷூ, டெண்ட், தலையில மாட்டற லைட்டு, அலுமினியத் தடி, எல்லாம் விக்கிற கடை. அதே ஆள்தான். எடம் மாறி உக்காரோணும்னா உக்காருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

மாறலீங்களா? ரொம்ப நன்றி தம்பி. நாலு மாசமா நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் போனை எடுத்துக் காதுல வெச்சுக்கறாங்க. எங்க வீட்டுலயே அப்படித்தான். வசுமதி, எங்க வீட்டுக்காரி, "எனக்குத் தெரியுமுங்க, விடுங்க"ன்னு சொல்லிட்டு சமையல்கட்டுக்குள்ள போயிடறா. என்ன தெரியும் அவளுக்கு? நான் சொல்றதை முழுசாக் கேட்டாத்தானே தெரியும்.

நீங்களே சொல்லுங்க, ஒருத்தன் தன் பேரைக் காப்பாத்திக்கறது தப்புங்களா? அந்தப் பேரை நான் எங்கயும் திருடலே. ரெண்டாயிரத்து நாலுல ஒப்பணக்கார வீதியில பத்துக்குப் பத்து கடை எடுத்தப்போ, என்ன பேர் வெக்கறதுன்னு மூணு நாள் மண்டையை உடைச்சு, நானே யோசிச்சுக் கண்டுபிடிச்ச பேர். 'ஏழாம் மலை.' சொல்லிப் பாருங்க, எப்படி இருக்குது. ஒரு கடை ஆறு கடையாச்சு. பேரை டிரேட்மார்க்கா முறையாப் பதிஞ்சேன். பைக்குத் தனியா, துணிக்குத் தனியா, தடிக்குத் தனியா, மலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத் தனியா, எல்லா வகையிலயும் பதிவு. நாப்பத்தோரு பேர் என்கிட்ட வேலை பாத்தாங்க. இப்பப் பன்னெண்டு பேர், ரெண்டு கடை. ரெண்டாவது கடையும் இன்னையோட சரியான்னு தெரியலே.

மொதல்ல வம்பு பண்ணினது யாரு தெரியுங்களா? திருப்பூர்ல ஒரு பார்ட்டி. என் லேபிளை அப்படியே அச்சடிச்சு மட்டப் பை தெச்சு வித்தான். அதை வாங்கி மாட்டிட்டுப் போன ஒரு காலேஜ் பையனுக்கு அஞ்சாம் மலையில வார் அந்துபோய், பை உருண்டு பள்ளத்துல போயிருச்சு. அவன் அப்பா நேரா என் கடைக்கு வந்து, வாடிக்கையாளருங்க எல்லாரும் பாத்துட்டிருக்கும்போது என் சட்டையைப் பிடிச்சாரு. என் பையே இல்லைங்க அது. சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலே. அதுக்கப்புறந்தான் மெட்ராஸ்ல ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சேன்.

அந்தம்மா கெட்டிக்காரி. திருப்பூர்க்காரனை ஒரே மாசத்துல மூட வெச்சுட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "சார், ஒருத்தரை விட்டீங்கன்னா நாளைக்கு கோர்ட்ல, அவரை விட்டீங்களே, இவரை மட்டும் ஏன் கேக்கறீங்கம்பாங்க. யார் உபயோகிச்சாலும் நோட்டீஸ் போகணும்"னாங்க. எனக்கு அது நியாயமாப் பட்டுச்சு. ஆள் பாத்து சட்டம் பேசக் கூடாது பாருங்க. ஏழை, பணக்காரன், சொந்தக்காரன்னு எனக்குப் பேதம் கிடையாது. என் பங்காளி மகன் மொபைல்ல மலையேற்ற வீடியோ போடறான், தலைப்புல 'ஏழாம் மலை'ன்னு போட்டிருந்தான். அவனுக்கே அனுப்பினேன்னா பாத்துக்குங்க. சீசன் தொடங்கறதுக்குள்ள நாப்பத்திமூணு நோட்டீஸ். அடிவாரத்துல தடி விக்கிற ஒரு அம்மா, தகர போர்டுல 'ஏழாம் மலைத் தடிக்கடை'ன்னு எழுதியிருந்துச்சு, அதுக்கும் போச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது, யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லியிருக்குது. எனக்கு அது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா தமிழ்ல அனுப்பியிருப்பேன்.

இதுல ஒண்ணுதான் அன்னதானக் குழு.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலைங்களா, மொதல் தடவை வர்றீங்களா? தை மாசத்திலிருந்து சித்திரை வரைக்கும், மலையிறங்கி வர்றவங்களுக்கு பூண்டியில சோறு போடுவாங்க. தொண்டாமுத்தூர்ல டயர் கடை வெச்சிருக்கற சென்னியப்பன்னு ஒருத்தர், அவர் கூட இருபது பேர். நாப்பது வருசத்துக்குப் பக்கமாச்சு. யார் வீட்டுச் சோறு, யார் குடுத்த அரிசி, ஒண்ணும் எழுதி வெக்க மாட்டாங்க. நானும் சாப்பிட்டிருக்கேன். பத்தொம்பது வயசுல மொதல் தடவை ஏறிட்டு, இறங்கும்போது கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. கையில ஒரு தட்டைக் குடுத்தாங்க, புளிச்சோறு. எதிர்ல ஒரு தட்டி கட்டியிருந்தாங்க, பச்சை எழுத்துல 'ஏழாம் மலை அன்னதானக் குழு'ன்னு. அதையே பாத்துட்டு மூணு தட்டு சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் மறக்கலே தம்பி.

அதனால அவங்க மேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவங்க செஞ்சது என்னன்னா, திருநீறும் ஒரு வாழைப்பழமும் போட்டுக் குடுக்கறதுக்குத் துணிப்பை தெச்சுட்டாங்க. பையில பேரை அச்சடிச்சுட்டாங்க. தட்டியில எழுதறது வேற, பையில அச்சடிக்கறது வேற. பை என் பதிவுல வருதுங்களா இல்லைங்களா? வக்கீலம்மா அனுப்பிட்டாங்க. எட்டுப் பக்கம். பேரை ஏழு நாளைக்குள்ள நிறுத்தோணும், இருக்கற சரக்கை அழிக்கோணும்.

நாப்பத்திமூணு பேர்ல மரியாதையாப் பதில் போட்டது அவங்க ஒருத்தர்தான். ரூல் போட்ட பேப்பர்ல, "தங்கள் உத்தரவுப்படி இன்றுடன் பெயரை நிறுத்திக்கொண்டோம், பைகளைக் கிழித்து டயர் துடைக்கக் கொடுத்துவிட்டோம், தவறு இருந்தால் மன்னிக்கவும்"னு எழுதி, எல்லாரும் கையெழுத்து. பாத்துட்டு எனக்கு மனசு குளுந்துடுச்சு. எல்லாரும் இப்படி இருந்துட்டாத் தொந்தரவே இல்லைன்னு ஃபைல்ல பத்திரமா வெச்சேன்.

ஆனா பாருங்க, அவங்க சோறு போடறதையும் நிறுத்திட்டாங்க. நான் அதைச் சொல்லவே இல்லைங்க. எட்டுப் பக்கத்துல எங்கயாவது சோறுன்னு ஒரு வார்த்தை இருக்குதா பாருங்கன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். அவங்க வழக்கமாப் பந்தல் போடற எடத்துல ஒரு அட்டையைக் கட்டி, "பெயரை உபயோகிக்கக் கூடாது என்று கம்பெனியார் தெரிவித்திருப்பதால் இவ்வருடம் அன்னதானம் இல்லை, பக்தர்கள் பொறுத்துக்கொள்ளவும்"னு எழுதிட்டுப் போயிட்டாங்க. வெறும் எடம், அந்த அட்டை, பக்கத்துல பசியோட நாலு பேர் படியில உக்காந்திருக்காங்க. எவனோ அதைப் போட்டோ எடுத்துட்டான்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில மொபைலைத் தொறந்தா, ஊரே என்னைத்தான் பேசுது. ஒரே நாள்ல நானூறு பேர் கடைக்கு ஒத்தை ஸ்டார் போட்டுட்டாங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு, "பையில் குறையில்லை. முதலாளியிடம்தான் குறை"ன்னு. 'ஏழாம் மலை'ங்கற வார்த்தையையே சொல்ல மாட்டேன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. 'ஆறுக்கு அடுத்த மலை'ன்னு சொல்றாங்க. அந்தத் தடிக்கார அம்மா தகர போர்டுல அப்படியே மாத்தி எழுத வெச்சுடுச்சு, அதுகிட்ட தடி வாங்கினாத்தான் மலையேறின புண்ணியம்ங்கற மாதிரி வரிசையில நிக்கறாங்க. என் பையை மாட்டிட்டுப் போறவங்க, லேபிள் மேல காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரியை ஒட்டிட்டுப் போறாங்க. நான் என் கண்ணால பாத்தேன், ஒரு குடும்பத்துல அஞ்சு பை, அஞ்சுலயும் பிளாஸ்திரி.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கலாம் தம்பி. ஒரு நாள் காலையில கடை தொறக்கப் போனா, வாசப்படியில ஷூவும் செருப்பும் குவிஞ்சு கெடக்குது. எல்லாம் நான் வித்தது. வெறுங்கால்லதான் மலையேறோணும்னு கழட்டி வெப்பாங்க பாருங்க, அந்த மாதிரி ஜோடி ஜோடியா அடுக்கி வெச்சுட்டுப் போயிருக்காங்க. வீசியிருந்தாக்கூடப் பரவாயில்லே. வந்து சண்டை போட்டுக் காசைத் திருப்பிக் கேட்டாக் குடுத்துடலாம். யாரும் உள்ள வரலே, ஒண்ணும் கேக்கலே. நான் குனிஞ்சு ஒவ்வொரு ஜோடியாப் பொறுக்கி உள்ள வெச்சேன். வேலை பாக்கற பொண்ணுக கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தாங்க, ஒருத்தியும் உதவிக்கு வரலே.

வக்கீலம்மாகிட்டக் கேட்டேன். ரெண்டு வழி இருக்குதுன்னாங்க. ஒண்ணு, அன்னதானக் குழுவுக்கு லைசென்ஸ் குடுக்கறது. வருசத்துக்கு ஒரு ரூபா, பேரை உபயோகிச்சுக்கலாம், கீழ சின்னதா 'அனுமதியுடன்'னு போட்டாப் போதும். ரெண்டாவது, அந்தப் பதிவையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறது. ரெண்டாவதை நான் காதுலயே போட்டுக்கலே. பெத்த பிள்ளையை யாராவது எழுதிக் குடுப்பாங்களா? லைசென்ஸைத் தயார் பண்ணச் சொல்லி, போன வாரம் நானே தொண்டாமுத்தூர் போனேன். ஆள் அனுப்பலைங்க, நானே போனேன். அதைக் கவனிக்கோணும்.

சென்னியப்பன் பழைய டயருக மேல உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். கோபமே இல்லை மனுசனுக்கு. "நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டோமுங்க"ங்கறாரு. ஐயா, பேரைத்தானே நிறுத்தச் சொன்னேன், வேற பேர்ல போட்டிருக்கலாமேன்னேன். ஏழாம் மலைக்குன்னு வேண்டிட்டு ஆரம்பிச்சது, வேற பேர்ல அடுப்புப் பத்த வெக்க மனசு வரலேன்னாரு. பேப்பரை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வெச்சு வரி வரியாப் படிச்சாரு. படிச்சுட்டு என்கிட்டயே மடிச்சுக் குடுத்துட்டாரு.

"இதுல கையெழுத்துப் போட்டா அது உங்க சோறாயிடுமுங்க"ன்னாரு.

ஆகட்டுமே, அதுல என்னங்க தப்பு, அரிசியும் நானே தர்றேன்னேன். அவர் டம்ளரைக் கழுவி வெச்சுட்டு ஒரு லாரி டயரை உருட்டிட்டு உள்ள போயிட்டாரு.

எனக்கு என்ன ரோசனைன்னா, இன்னைக்கு சித்ரா பௌர்ணமி. கூட்டம்னா இன்னைக்குத்தான் கூட்டம். இன்னையோட சீசன் பேச்சும் அடங்கிடும். இன்னைக்கு ஜனங்க என்னை மன்னிச்சாத்தான் உண்டு, இல்லைன்னா அடுத்த வருசம் வரைக்கும் 'சோத்தை நிறுத்தினவன்'ங்கற பேரோடதான் இருக்கோணும். கடை தாங்காது. நானும் தாங்க மாட்டேன் தம்பி, நிசமாச் சொல்றேன். அதனால நானே சோறு போட்டுடறதுன்னு முடிவு பண்ணினேன். பேரூர்ல ஒரு நல்ல சமையல்காரரைப் பிடிச்சேன். நாலு அண்டா புளிச்சோறு, நல்லெண்ணெய் மணக்க மணக்க, வேர்க்கடலை போட்டு. அவங்க பந்தல் போடற அதே எடம். பின்னாடி ஒரு பேனர், ரொம்பப் பெருசில்லைங்க, பன்னெண்டடி. 'ஏழாம் மலை வழங்கும் அன்னதானம்.' பக்கத்துல வட்டத்துக்குள்ள 'ஆர்' எழுத்து, பதிஞ்ச பேருங்கறதுக்கு அடையாளம், அது சட்டப்படி போட்டே ஆகோணும்.

ஆறு மணிக்கு மொதல் ஆளுக இறங்கி வந்தாங்க. நான் கரண்டியைப் பிடிச்சுட்டு நிக்கறேன். வாங்க சாப்பிடுங்க வாங்கன்னு கூப்பிடறேன். ஒருத்தர் நிமிந்து பேனரைப் பாத்தாரு, தடியை ஊனிட்டு அப்படியே போனாரு. அடுத்தவரும் போனாரு. கும்பல் கும்பலா வர்றாங்க, முகமெல்லாம் வாடி, உதடு காஞ்சு, வயித்தைக் கையால பிடிச்சுட்டு வர்றாங்க. சோறு வாசத்துக்கு ஒரு நிமிசம் நிக்கறாங்க. பேனரைப் பாக்கறாங்க. போயிடறாங்க. ஏழு மணி, எட்டு மணி, ஒம்பது மணி. பசியோட வர்றவன் முன்னாடி சோத்தைக் காட்டியும் கையை நீட்ட மாட்டேங்கறான்னா நான் என்ன அப்படிப்பட்ட பாவம் பண்ணிட்டேன், சொல்லுங்க. ஒரு சின்னப் பொண்ணு தட்டுக்குக் கையை நீட்டுச்சு, அவங்கப்பா தூக்கித் தோள்ல போட்டுட்டு நடந்துட்டாரு. நான் அழுதுட்டேனுங்க. ஐம்பத்தி ரெண்டு வயசுல கரண்டியைப் பிடிச்சுட்டு அத்தனை பேர் முன்னாடி அழுதேன்.

பத்து மணிக்கு சென்னியப்பன் வந்தாரு. யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. ஒரு தட்டை எடுத்துட்டு என்கிட்ட நீட்டினாரு. போட்டேன். கீழ சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாம சாப்பிட்டாரு. போறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. எனக்கு உசிர் வந்துச்சு. சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு, அவசர அவசரமா ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அவரும் பேனரும் ஒண்ணா வர்ற மாதிரி.

கையைக் கழுவிட்டு வந்தாரு. "சோறு நல்லா இருக்குதுங்க. பேனரைக் கழட்டுங்க. நான் கூப்பிடறேன், எல்லாரும் வருவாங்க"ன்னாரு.

"கழட்டினா இது யார் போட்ட சோறுன்னு எப்படிங்க தெரியும்?"னு கேட்டேன்.

"யாருக்குங்க தெரியோணும்?"

அந்த மனுசன் அப்படிக் கேக்கறாரு. யாருக்குத் தெரியோணுமாம். நாலு மாசமா நான் படற பாடு எதுக்கு? எனக்காகவா? சமையல்காரர் என் கையைப் பிடிச்சு, கழட்டிடலாமுங்க, நாலு அண்டா சோறுங்கன்னு கெஞ்சறாரு. சென்னியப்பன் ஸ்டூல் மேல ஏறி ஒரு முடிச்சுல கையை வெச்சுட்டு என்னைப் பாக்கறாரு. சரின்னு தலையாட்டினாப் போதும். எனக்குத் தலை ஆடலே தம்பி. உள்ளுக்குள்ள சரி சரின்னு சொல்லுது, தலை ஆட மாட்டேங்குது. இருங்க, வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன். போன் அடிச்சேன், அந்தம்மா எடுக்கலே. மறுபடி அடிச்சேன். நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள அவர் இறங்கி, ஸ்டூலைத் தொடச்சு வெச்சுட்டுப் போயிட்டாரு.

வெயில் ஏறினதும் அண்டாவையெல்லாம் வேன்ல ஏத்தி ஆலாந்துறையில மாட்டுக்காரர் ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். சமையல்காரர் கூலிகூட வாங்கிக்காமப் போயிட்டாரு. தான் செஞ்ச சோறு மாட்டுக்குப் போனது இதுதான் மொதல் தடவையாம். அவர் போகும்போது என்னைப் பாத்த பார்வை இருக்குதே.

பேரூர் தாண்டிட்டோம் பாருங்க. நான் பாட்டுக்கு என் கதையவே பேசிட்டு வர்றேன். தம்பி, நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா? பொய் சொல்ல வேண்டாம், உதட்டைப் பாத்தாலே தெரியுது. இருங்க. வேகமாப் போறவங்களுக்குன்னு கொஞ்சம் பொட்டலமும் கட்டியிருந்தோம், ஒண்ணே ஒண்ணு பையில எடுத்துப் போட்டுக்கிட்டேன், ஏன்னு எனக்கே தெரியலே. புளிச்சோறு கெடாது, இந்தாங்க. யோசிக்காதீங்க, வாங்கிக்குங்க.

வாங்கிட்டீங்களே. இத்தனை நேரம் கேட்டுட்டும் வாங்கிட்டீங்களே. நல்லா இருப்பீங்க. கண்ணுல தண்ணி வருது, தப்பா நினைச்சுக்காதீங்க. சாப்பிடுங்க, தண்ணி பாட்டில் என்கிட்ட இருக்குது.

என்னங்க பண்றீங்க? அது சும்மா ஸ்டிக்கருங்க, கடைப் பேர்தான். நூலைப் பிரிச்சாப் போதும், அதைக் கிழிக்க வேண்டியதில்லே. நகத்தால சொரண்டாதீங்க தம்பி. அது பாட்டுக்கு மேல இருக்கட்டும், சோறு உள்ளதானே இருக்குது. சாப்பிட வேண்டாம்னு சொல்லலே, நல்லாச் சாப்பிடுங்க. அதை மட்டும் விட்டுடுங்க. விடுங்கன்னு சொல்றேனில்ல.

இல்லீங்க, நான் பிடுங்கலே. கிழியுதேன்னு பிடிச்சேன், அவ்வளவுதான். கொட்டினது கொஞ்சந்தான், உள்ள அப்படியே இருக்குது பாருங்க. இந்தாங்க. ஏங்க எந்திரிக்கறீங்க, உங்க ஸ்டாப் இது இல்லையே. தம்பி. கையை நீட்டுங்க தம்பி.